கரையோர நிலம்: விற்பதா, குத்தகைக்கு விடுவதா, பூங்காவாக்குவதா?

நகர மையத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், தண்ணீரை ஒட்டிப் பழைய துறைமுக நிலம் ஒன்று கிடக்கிறது. கப்பல்கள் வேறு துறைக்குப் போய்விட்டன. கிடங்குகளுக்குப் பூட்டு, மீதி இடமெல்லாம் கார் நிறுத்தம். அங்கே கொண்டோ கோபுரங்கள் (வீடு வீடாக விற்கும் அடுக்குமாடிகள்) கட்டுகிறோம் என்று ஒரு நிறுவனம் படங்களோடு வருகிறது. படத்தில் எப்போதும் மாலை வெயில், ஒரு பாய்மரப் படகு, சைக்கிளில் போகும் ஒரு பெண். உலகத்தில் பல துறைமுக நகரங்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்திருக்கின்றன. அப்புறம் நடக்கும் சண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

தண்ணீரை மறைக்கிறார்கள், பணக்காரர்களுக்கு மட்டும் காட்சி என்று ஒரு பக்கம் கொதிக்கும். வீட்டுக்குப் பஞ்சம், வரி வருமானம் வேண்டும், காலி நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னொரு பக்கம் கேட்கும். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பேச்சு சீக்கிரமே மாடி எண்ணிக்கையில் போய்ச் சிக்கிக்கொள்கிறது: 40 மாடியா, 12 மாடியா? என்னைக் கேட்டால் உயரம் மூன்றாவது கேள்வி. நிலம் கடைசியில் யார் பெயரில் இருக்கும் என்பது முதல் கேள்வி. தண்ணீரிலிருந்து முதல் முப்பது மீட்டரில் என்ன நடக்கும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் உயரச் சண்டையின் சூடு பாதி அடங்கிவிடும்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2013 நவம்பரில் '8 வாஷிங்டன்' என்ற திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. நிதி நிறுவனங்கள் நிறைந்த வட்டாரத்துக்குப் பக்கத்தில், கரையோரச் சாலையை ஒட்டி 134 கொண்டோ வீடுகள். அந்த இடத்துக்கான உயர வரம்பு 84 அடி. திட்டத்தின் ஒரு பகுதி 136 அடி கேட்டது. 'கரையில் சுவர் வேண்டாம்' என்ற முழக்கத்தோடு மக்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். 2014 ஜூனில், துறைமுக நிலத்தில் உயர வரம்பைக் கூட்டுவதென்றால் வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்று விதியே வந்தது. உயரத்தைத்தான் வெறுக்கிறார்கள் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் 2015 நவம்பரில் அதே வாக்காளர்கள் 'மிஷன் ராக்' திட்டத்துக்கு 240 அடி வரை அனுமதி கொடுத்தார்கள், நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவான ஆதரவோடு. அங்கே வீடுகளில் 40 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு. எட்டு ஏக்கர் பூங்காவும் திறந்த வெளியும். நிலம் துறைமுகத்திடமே இருக்கும், கட்டுபவர் கையில் குத்தகை மட்டும். உயரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, எதிர்ப்பு மிகக் குறைவு.

ஆக, இப்படி ஒரு நிலத்துக்கு முன் நிற்கும் நகரத்துக்கு உண்மையில் நான்கு வழிகள். நிலத்தை மொத்தமாக விற்றுக் கோபுரங்களை வரவிடலாம். நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டுக் கட்டவைக்கலாம். வீடே வேண்டாம் என்று முழுவதையும் பூங்காவாக்கலாம். அல்லது அங்கே மிச்சமிருக்கும் தொழிலோடு நிலத்தை அப்படியே ஓடவிடலாம். இவற்றில் முதல் இரண்டையும் எடைபோட நல்ல வசதி ஒன்று இருக்கிறது: கனடாவின் வான்கூவரில் ஒரே நீர்க்கழியின் இரண்டு கரைகளில் இரண்டும் நடந்திருக்கின்றன.

ஒரு கழி, இரண்டு கரைகள்

ஃபால்ஸ் கிரீக் நகர மையத்தை ஒட்டிய சிறிய கடற்கழி. மரம் அறுக்கும் ஆலைகளும் ரயில் யார்டுகளும் ஒரு காலத்தில் அதைச் சூழ்ந்திருந்தன. 1970களில் தென்கரையில் நகராட்சி தன் நிலத்திலேயே ஒரு குடியிருப்பை எழுப்பியது. தாழ்வான கட்டடங்கள், நடுவில் முற்றங்கள், கார் புகாத பாதைகள். குறைந்த வருமானம், நடுத்தரம், வசதியானவர் என்று மூன்றில் ஒரு பங்கு வீதம் கலந்திருக்க வேண்டும் என்பது நோக்கம். கூட்டுறவு வீடுகளும் உண்டு, விலைக்கு வாங்கும் வீடுகளும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் மண் நகராட்சியுடையது, 60 ஆண்டுக் குத்தகை.

வடகரையின் கதை வேறு. 1986இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. முடிந்ததும் 1988இல் மாகாண அரசு அந்த நிலம் முழுவதையும் ஒரே நிறுவனத்துக்கு விற்றது: ஹாங்காங் தொழிலதிபர் லி கா-ஷிங் தரப்பின் கான்கார்ட் பசிஃபிக். விலை சுமார் 32 கோடி கனடிய டாலர், அதுவும் பல ஆண்டுத் தவணையில். தொழிற்சாலைக் கழிவு ஊறிய மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அரசின் தலையில் இருந்தது. மலிவாக விற்றுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து ஓயவே இல்லை.

ஆனாலும் வடகரையைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வராது. கட்டட அனுமதிக்கு ஈடாக நகராட்சி பூங்காக்கள், சமூகக் கூடம், குழந்தைகள் காப்பகம், தண்ணீரை ஒட்டி அறுபடாத நடைபாதை என்று நிறையக் கறந்திருக்கிறது. கீழே தாழ்வான அடுக்கு, அதன் மேல் ஒல்லியான கோபுரங்கள், இடையில் வானம் தெரிகிற அளவுக்கு இடைவெளி என்ற அமைப்பு பிறகு பல நகரங்கள் பார்த்துச் செய்த மாதிரி ஆயிற்று. மலைகள் எங்கிருந்தெல்லாம் தெரிய வேண்டும் என்று 1989இலேயே பார்வைக் கோடுகள் வரைந்து, அவற்றுக்குள் கோபுரம் நுழையக் கூடாது என்று விதித்தார்கள். இன்று அந்த நடைபாதையில் நடப்பவருக்கு, பின்னால் நிற்பது தனியார் சொத்து என்ற நினைப்பே வராது.

சறுக்கியது வேறொரு இடத்தில். வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு சந்தை விலைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று அதற்கான மனைகளை ஒதுக்கினார்கள். மனையை ஒதுக்குவதாகத்தான் ஒப்பந்தம். கட்டும் பணம் அரசுகளிடமிருந்து வர வேண்டும். 1993இல் கனடாவின் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. கோபுரங்கள் ஏறி நிற்க, ஒதுக்கிய மனைகளில் சில பல பத்தாண்டுகள் வெறுமையாகவே கிடந்தன. ஒப்பந்தத்தில் 'ஒதுக்கப்படும்' என்று இருக்கிறதா, 'கட்டித் தரப்படும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வினைச்சொல்லில் ஐநூறு குடும்பங்கள் இருக்கலாம்.

விற்ற வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதும் தனிக் கேள்வி. கரையோரக் கொண்டோ முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைக்கத் தோதான சரக்கு. வான்கூவர் 2017இல் காலி வீட்டு வரியே கொண்டுவந்தது. வீட்டு மதிப்பில் 1 சதவீதத்தில் தொடங்கிப் பிறகு 3 சதவீதமாயிற்று. விளக்கெரியாத ஜன்னல்கள் அதிகமானால் கீழே கடைகளும் பிழைக்காது, நடைபாதையில் இரவில் நடமாட்டமும் இருக்காது.

சரி, தென்கரை? குத்தகை முறையின் நன்மை, தீமை இரண்டுமே அங்கே இப்போது வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. குத்தகைகள் 2036க்கும் 2046க்கும் இடையில் முடிகின்றன. மீதிக் காலம் குறையக் குறைய வங்கி அடமானக் கடன் தரத் தயங்குகிறது, வீட்டை விற்கப் போனால் விலை இறங்குகிறது, பெரிய பழுதுவேலைக்குக் காசு போட யாருக்கும் மனம் வருவதில்லை. வீட்டுக்காரர்களும் நகராட்சியும் நீட்டிப்புக் குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அறுபது வயதில் கடன் அடைத்து முடித்த ஒருவருக்கு, இந்த வீடு இன்னும் எத்தனை வருஷம் என்னுடையது என்ற கேள்வி சாதாரணமானதில்லை.

இவ்வளவு இருந்தும் என் ஓட்டு தென்கரைக்குத்தான். அடுத்த தலைமுறை நகராட்சிக்கு அந்த மண்ணைப் பற்றி மறுபடியும் முடிவெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது: இன்னும் அதிக வீடு கட்டலாமா, கூட்டுறவு வீடுகளை விரிவாக்கலாமா, கடல் மட்டம் ஏறினால் எதை விட்டுக்கொடுப்பது என்றெல்லாம். வடகரையில் அந்த வாய்ப்பை 1988இலேயே ஒரு கையெழுத்தில் தீர்த்துவிட்டார்கள்.

குத்தகையின் குறை பெரும்பாலும் முதல் நாளில் எழுதாமல் விட்ட விதிகளால் வருவது. முடிவதற்கு எத்தனை ஆண்டு முன்பு புதுப்பிப்புப் பேச்சு தொடங்க வேண்டும், நிலவாடகையை எந்தக் கணக்கில் உயர்த்துவது, குத்தகை முடிந்தால் கட்டடத்துக்கு ஈட்டுத்தொகை உண்டா, இந்த மூன்றும் வீடு வாங்குபவர் கையெழுத்துப் போடும் தாளிலேயே இருக்க வேண்டும். நியூயார்க்கின் பேட்டரி பார்க் சிட்டி 92 ஏக்கர்; ஆற்றை நிரப்பி உண்டாக்கிய நிலம், அதில் ஒரு பகுதிக்கு உலக வர்த்தக மையத்துக்காகத் தோண்டிய மண் போயிருக்கிறது. அங்கும் மண் பொது அமைப்பின் கையில், வீட்டுக்காரர் நிலவாடகை கட்டுகிறார். இடைக்கிடையே வாடகையை மறுநிர்ணயம் செய்யும் ஆண்டு நெருங்கும்போதெல்லாம் மாதச் செலவு எங்கே போய் நிற்குமோ என்று வாங்கியவர்கள் கலங்குகிறார்கள். சந்தை மதிப்பில் இத்தனை சதவீதம் என்று எழுதினால், நிலம் விலை ஏறுவதே குடியிருப்பவருக்குத் தண்டனையாகிவிடும். விலைவாசிக் குறியீட்டோடு கட்டிப்போட்டு, மேலே ஓர் உச்சவரம்பும் வைப்பது இதைவிட நிதானமானது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. 157 ஹெக்டேர் பழைய துறைமுகப் பகுதியை ஹாஃபன்சிட்டி என்ற புதிய வட்டாரமாக்கும் முடிவு 1997இல் அறிவிக்கப்பட்டது. 2000இல் முழுத் திட்டம் வந்தது. நிலத்தை விற்கிறார்கள், ஆனால் ஒரே ஆளுக்கு மொத்தமாக இல்லை, மனை மனையாக. போட்டியில் தேர்வானவருக்கு உடனே பத்திரம் எழுதித் தருவதும் இல்லை. மனை அவருக்காக நிறுத்தி வைக்கப்படும். அந்தக் காலத்தில் அவர் வடிவமைப்புப் போட்டி நடத்தி, வரைபடம் போட்டு, கட்டட அனுமதி வாங்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் விற்பனை. சொன்னதைச் செய்யாவிட்டால் மனை நகரத்திடமே இருக்கும். தேர்வில் விலையைவிட, அங்கே என்ன வரப்போகிறது என்ற யோசனைக்குத்தான் அதிக எடை. குத்தகைக்குச் சட்டமோ சந்தையோ இடம் தராத ஊரில் இதுவே என் இரண்டாவது தேர்வு. மண்ணை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வேலைக்கு இதில் வழியே இல்லை.

ஒரு எச்சரிக்கை. நிலத்தை நகரம் கையில் வைத்திருப்பது வேறு, கட்டும் நிறுவனத்துக்குப் பின்னால் நகரமே பணத்தோடு நிற்பது வேறு. அதே ஃபால்ஸ் கிரீக்கின் தென்கிழக்கு மூலையில் 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக வீரர் குடியிருப்பு கட்டினார்கள். போட்டி முடிந்ததும் கொண்டோக்களாக விற்பது திட்டம். 2008 நிதி நெருக்கடியில் கடன் கொடுத்தவர் கையை இழுத்துக்கொள்ள, நகராட்சியே கடன் கொடுப்பவர் இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அதிலிருந்து மீளப் பல ஆண்டுகள் ஆயின. நிலக்காரராக இருப்பது போதும்.

முதல் முப்பது மீட்டர்

படங்களை ஒதுக்கிவிட்டுக் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். தண்ணீரிலிருந்து கட்டடம் வரை நிலத்தைக் கத்தியால் அறுத்துப் பக்கவாட்டில் காட்டுவது அது. பெரும்பாலும் அறிக்கையின் பின்னிணைப்பில் எங்கோ கிடக்கும். இடது ஓரத்தில் தண்ணீர், அடுத்து கரைச்சுவர், நடைபாதை, ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு திட்டு, திட்டின் மேல் செடிவேலி, வேலிக்குப் பின்னால் தரைத்தள வீட்டின் சிட்-அவுட், கண்ணாடிக் கதவு. சட்டப்படி நடைபாதை பொதுவழிதான். ஆனால் அகலம் மூன்று மீட்டர், பெஞ்ச் இல்லை, இரண்டு தெருக்களுக்கு நடுவே உள்ளே நுழைய ஒரே ஒரு சந்து, கண்ணாடிக்குப் பின்னால் யாரோ காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். அங்கே யார் போய் உட்காருவார்கள்? பூட்டில்லாமலேயே ஒரு பொது இடத்தைத் தனியார் இடமாக்கும் வித்தை இது. மாறாக, அதே முப்பது மீட்டரில் நடைபாதை பன்னிரண்டு மீட்டர், தரைத்தளத்தில் வீடு கூடாது, கடையோ பட்டறையோ நூலகமோதான், நூறு மீட்டருக்கு ஒரு தெரு நேராகத் தண்ணீர்வரை வந்து முடிய வேண்டும் என்று எழுதினால், பின்னால் 15 மாடி நின்றாலும் 35 மாடி நின்றாலும் நடப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

நிழலில் மட்டும் வித்தியாசம் உண்டு. பூமியின் வடபாதியில், வெப்பமண்டலத்துக்கு வெளியே, மதிய நிழல் வடக்கே விழும். தண்ணீர் நிலத்துக்கு வடக்கே இருந்தால், கோபுரத்தின் நிழல் நேராக நடைபாதை மேல்தான் படுக்கும், குளிர்காலத்தில் நாள் முழுக்க. தண்ணீர் தெற்கே என்றால் நிழல் நகரத்துப் பக்கம் போய்விடும். வெயில் வாட்டும் ஊரில் இதே நிழல் வரம். உயரத்தைப் பற்றிச் சண்டை போடத்தான் வேண்டும் என்றால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு போடலாம். காற்றும் அப்படித்தான்: திறந்த நீர்ப்பரப்பைத் தாண்டி வரும் காற்று அகலமான, தட்டையான கோபுரத்தில் மோதிக் கீழே பாயும். தாழ்வான அடுக்கின் மேல் கோபுரத்தை உள்தள்ளி வைப்பதற்கு அழகைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

கார் நிறுத்தம் அடுத்த தலைவலி. கரையோரத்தில் தோண்டினால் சில மீட்டரிலேயே நீர்மட்டம் வந்துவிடும். அடித்தளத்தை நீர் கீழிருந்து மேலே தள்ளும். அதைக் கட்டிப்பிடிக்கக் கனத்த தளம், ஆழமான தூண்கள், நிற்காமல் ஓடும் பம்புகள் எல்லாம் வேண்டும். அந்தச் செலவுக்கு பயந்து நிறுத்தத்தைத் தரைக்கு மேலே கொண்டுவந்தால் முதல் நான்கு மாடிகளும் ஜன்னலில்லாச் சுவராகிவிடும். ஹாம்பர்க் இதை வேறு விதமாகத் தீர்த்தது. 1962 வெள்ளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொடுத்த நகரம் அது. ஹாஃபன்சிட்டியோ பிரதான வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் புதுக் கரை எழுப்பாமல், ஒவ்வொரு கட்டடத்தையும் கடல் மட்டத்துக்கு மேல் எட்டு, ஒன்பது மீட்டர் உயரத் திட்டில் ஏற்றி வைத்தார்கள். கார்கள் அந்தத் திட்டின் வயிற்றுக்குள். நடைபாதைகள் அதைவிடத் தாழ்வாக, நீரோடு நெருக்கமாக இருக்கின்றன. பெருவெள்ளம் வந்தால் அவை மூழ்கும், வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி நடக்கலாம். நனையலாம் என்று சிலதையும் நனையவே கூடாது என்று சிலதையும் முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள்.

பூங்காவும், ஓடிக்கொண்டிருக்கும் தொழிலும்

பூங்கா என்றதும் எல்லாரும் சிகாகோவைக் காட்டுவார்கள். 1836இலேயே கால்வாய் ஆணையர்கள் நகர வரைபடத்தில், ஏரிக்கரையின் ஒரு துண்டு என்றைக்கும் கட்டடமில்லாமல் திறந்தே இருக்க வேண்டிய பொது நிலம் என்று குறித்துவைத்தார்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆரன் மான்ட்கோமரி வார்ட் என்ற வணிகர் 1890 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடி கிராண்ட் பார்க்கைக் காப்பாற்றினார். 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், ஏரிப் படுகையை ஒரு ரயில் நிறுவனத்துக்கு மாநில அரசு தாரைவார்த்தது செல்லாது, நீருக்கடியில் உள்ள நிலம் மக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருப்பது என்று தீர்ப்பளித்தது. நகர மையத்தில், ஏரிக்கரைச் சாலைக்கு அப்பால் நிற்கும் ஒரே வானளாவி 1968இல் முடிந்த 70 மாடி லேக் பாயிண்ட் டவர். அதைப் பார்த்தபின் 1973இல் ஏரிக்கரைப் பாதுகாப்புச் சட்டமே போட்டார்கள்.

கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூங்காவை ஒரு நகரம் தேர்ந்தெடுக்கும்போது, ஆண்டுதோறும் பராமரிக்கும் பணத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது. பணம் இல்லாத பூங்காவுக்கு என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் டொரான்டோ சாட்சி. 1972 தேர்தல் சமயத்தில் மத்திய அரசு ஹார்பர்ஃபிரண்ட் நிலத்தை நகர மக்களுக்கான பரிசாக அறிவித்தது. பிற்பாடு, அந்த இடம் தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்றார்கள். சம்பாதிக்கும் வழி? கொண்டோவுக்கு மனை கொடுப்பது. 1980களின் நடுவில் சுவர் போலக் கட்டடங்கள் எழ, ஊரே கூச்சலிட, 1987இல் கட்டுமானத்தை நிறுத்தி வைத்தார்கள். முன்னாள் மேயர் டேவிட் கிராம்பி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பூங்காவும் அரைகுறை, குடியிருப்பும் அரைகுறை. முதலிலேயே மூன்றில் ஒரு பங்கில் நல்ல குத்தகைக் கட்டடங்கள், அந்த வாடகையிலிருந்து மீதி நிலத்துக்குப் பராமரிப்பு என்று திட்டமிட்டிருந்தால் இதைவிடப் பெரிய பூங்கா கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

நான்காவது வழிக்குப் பேச ஆளே இருப்பதில்லை. படகு பழுதுபார்க்கும் கொட்டில், மீன் இறங்குதுறை, கான்கிரீட் கலக்கும் ஆலை எல்லாம் பார்க்க அழகில்லை. ஆனால் நீர்வழியே சரக்கு வந்தால்தான் நகரச் சாலையில் லாரி குறையும். ஃபால்ஸ் கிரீக்கிலேயே கிரான்வில் ஐலண்ட் இருக்கிறது: மத்திய அரசின் நிலம், 1970களின் இறுதியில் பொதுச் சந்தையும் பட்டறைகளும் வந்தன, சிமென்ட் கலவை ஆலை மட்டும் அங்கிருந்து போகவில்லை. காய்கறி வாங்க வருபவர்கள் கலவை லாரிக்கு வழிவிட்டு நடக்கிறார்கள். நிலம் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் அதைக் காலி நிலம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பக்கத்தில் கொண்டோ வந்துவிட்டால், சத்தமும் தூசியும் என்று முதல் புகார் அங்கிருந்துதான் வரும். ஆலை போவது அதன் பிறகு காலக் கேள்வி மட்டுமே.

வீடு வாங்குபவர் பக்கம்

இதுவரை நகரத்தின் இடத்திலிருந்து பார்த்தோம். அங்கே ஒரு வீட்டை வாங்கலாமா என்று யோசிப்பவருக்குக் கணக்கு வேறு. உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கிக் கம்பியை எட்டும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேல் பூச்சைப் பிளந்து தள்ளும். பிளவு வழியே இன்னும் உப்பு. பால்கனி ஓரமும் கார் நிறுத்தத் தளமும் முதலில் அடிபடுபவை. ஆக, கரையோரக் கொண்டோவில் விலையைவிட முக்கியமான எண், வீட்டுக்காரர் சங்கத்தின் பழுதுநிதியில் எவ்வளவு இருக்கிறது என்பது. புளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981இல் கட்டிய 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அதிகாலை இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று 2018லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். சுமார் ஒன்றரைக் கோடி டாலர் பழுதுவேலைக்கு வீட்டுக்காரர்களிடம் வசூல் தொடங்கிய ஆண்டில்தான் கட்டடம் விழுந்தது. மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள கொண்டோக்களை 30ஆம் ஆண்டில், கடலுக்கு அருகே 25ஆம் ஆண்டிலேயே கூட, பரிசோதிக்க வேண்டும் என்று 2022இல் அங்கே சட்டம் வந்தது. விளைவாகப் பழைய கட்டடங்களில் மாதக் கட்டணம் எகிறியிருக்கிறது. மாதக் கட்டணம் குறைவு என்று விளம்பரம் செய்யும் கட்டடத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவேன்.

உள்ளூர் அனுமதி கையில் இருந்தாலும் கரையோர விதி தனியாக நிற்கும். கொச்சியை அடுத்த மரடில், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன நான்கு அடுக்குமாடி வளாகங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்துத்தான் அவை எழுந்தன, குடும்பங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

எது எப்போது

நிலம் பொதுச் சொத்து, நகரத்தில் வீட்டுத் தேவையும் இருக்கிறது என்றால்: குத்தகை, மனை மனையாக, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுநர்களுக்கு. உயரத்தில் தாராளமாக இருக்கலாம், தரைத்தளத்தில் கஞ்சமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே கரையில் போதுமான வீடுகள் வந்துவிட்டு, திறந்த வெளிதான் இல்லை என்ற ஊருக்குப் பூங்காவே சரி, பராமரிப்புப் பணம் எங்கிருந்து என்று முதலில் எழுதிவைத்த பிறகு. தாழ்வான, அடிக்கடி மூழ்குகிற நிலமாக இருந்தால் வீடு என்ற பேச்சே வேண்டாம். ஹாம்பர்க் அளவுக்கு நிலத்தை உயர்த்தச் செலவழிக்கத் துணிந்தால் மட்டும் யோசிக்கலாம். அங்கே தொழில் ஓடிக்கொண்டிருந்தால் பத்து ஆண்டு பொறுத்திருப்பதில் நட்டம் எதுவும் இல்லை. கரையோர நிலம் கெட்டுப் போகும் பண்டம் இல்லையே. மொத்தமாக ஒருவருக்கு விற்பதை எந்த நிலைமையிலும் நான் ஆதரிக்க மாட்டேன், நகராட்சி திவாலாகும் கட்டத்தில் இருந்தாலொழிய.

நிலம் ஏற்கெனவே தனியாருடையது என்றால் கையில் மிச்சமிருப்பது அனுமதி ஒன்றுதான். கட்டுநர் கூடுதல் உயரம் கேட்கும் நாளில்தான் நகரத்தின் பலம் உச்சத்தில் இருக்கும். மறுநாள் முதல் இறங்கத் தொடங்கும். அந்த நாளில் கேட்க வேண்டியது பணத்தைவிடக் கரையைத்தான்: நடைபாதையின் அகலம், தண்ணீர்வரை நீளும் தெருக்கள், தரைத்தளப் பயன்பாடு, நிரந்தரப் பொதுவழி உரிமை. அவற்றைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிப்போட விடக்கூடாது. சந்தை சரிந்தால் கடைசிக் கட்டம் வராமலே போகும். முதல் கோபுரத்தில் குடியேற அனுமதி வேண்டுமானால் முழுக் கரை நடைபாதையும் முடிந்து, நகராட்சி அதைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போதும். கட்டுநருக்கு இது பிடிக்காது, கட்டுப்படியாகாது என்பார். வட்டிக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாடி கொடுத்துவிடலாம்.